அரிசிச் சாக்கில் இறங்கிய மாப்பிள்ளை

நான். என் மனைவி. மாப்பிள்ளை. பெற்றோல் செட் தம்பி. வீடியோக்காரர்.

அன்று காலை லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் இருந்தது இந்த ஐந்து பேர்தான். முதலிலேயே எழுதி வைக்கிறேன். இப்போது வெம்பிளியில் யாரைக் கேட்டாலும் அந்தக் கலியாணத்துக்குப் பனியில் நடந்து வந்தேன் என்கிறார்கள். நடந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தை மாதம். முதல் நாள் பின்னேரம் தொடங்கிய பனி விடியும்வரை நிற்கவில்லை.

மாப்பிள்ளை எங்கள் மேல் அறையில் ஆறு வருடம் இருந்தவர். அவருடைய ஆட்கள் எல்லாரும் ஊரில். சண்டைக்குள்ளிருந்து ஒருவரும் வர முடியாது. அதனால் மாப்பிள்ளை வீடு என்றால் எங்கள் வீடு. தாயும் தகப்பனும் நிற்க வேண்டிய இடத்தில் நானும் மனைவியும். பெற்றோல் செட் தம்பி அவரோடு ஒரே அறையில் இருந்தவர். பெற்றோல் செட்டில் கல்லாவில் நிற்பவர். வாய் ஓயாது. வீடியோக்காரர் தமிழ்நாட்டுக்காரர், ஹவுன்ஸ்லோவில் இருந்தவர். காலைச் சடங்கைப் பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே கமராவோடு வந்து முன் அறையில் படுத்துவிட்டார். இல்லாவிட்டால் அவரும் வந்திருக்க மாட்டார்.

முகூர்த்தம் பத்தே முக்காலில் இருந்து பதினொன்றரை வரை. மண்டபம் வெம்பிளிப் பார்க்கில், ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. ரெயிலில் போனால் எங்களுக்கு அடுத்த ஸ்டேசன். ஐந்து நிமிடம்.

அந்தக் கலியாணம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போனது. ஆவணியில் நாள் வைத்தார்கள். அந்த நேரம் ஊரில் மாப்பிள்ளையின் தகப்பன் செத்துப்போனார். நாளை மாற்றினார்கள். பெண்ணின் தகப்பன் நேரே என்னிடம் சொன்னார்.

"தம்பி, ஒருக்காத் தள்ளிப் போச்சுது. பறவாயில்லை, செத்த வீடு. ரெண்டாந்தரமும் தள்ளிப் போனா, சாத்திரம் வேண்டாம் எண்டு சொல்லுது எண்டுதான் நான் எடுப்பன். ஜேர்மனியில என்ர தமையன் ஒரு இடம் பார்த்து வைச்சிருக்கிறார்."

கெட்ட மனிதர் அல்ல. மகளைப் பற்றிய பயம். அடுத்த நல்ல நாள் பங்குனி கழிந்துதான் என்று ஐயரும் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பு இல்லை. பெண்ணுக்கும் அப்படித்தான் என்று என் மனைவி சொன்னாள். அவளுக்கு இந்த விசயங்கள் தெரியும்.

"நேரத்துக்குக் கொண்டு வந்து விடுவன்" என்று நான் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான்.

பனியில் எனக்குப் பயம் இல்லை. அதை இங்கே சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்கு வந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலை கிடைத்தது. ஹவுன்ஸ்லோவில் ஒரு அறை. முதல் குளிர்காலத்தில் நான்கு தரம் விழுந்தேன். ஒருதரம் ஒரு முழுத் தள்ளுவண்டியோடு. அதற்குப் பிறகு விழவில்லை. பார்த்துப் பழகினேன். ஐஸில் குதிக்காலை முதலில் வைக்கக் கூடாது. பாதத்தை முழுதாக வைக்க வேண்டும். அடி சின்னதாக இருக்க வேண்டும். கையைச் சட்டைப் பைக்குள் விடக் கூடாது. விழுந்தால் ஊன்றக் கை வேண்டும். சப்பாத்துக்கு மேலே கம்பளிச் சொக்ஸ் ஒன்றைப் போட்டால் வழுக்காது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள்தான் விழுவார்கள். ஜக்கெற்றுக்குள் நெஞ்சில் இரண்டு பேப்பரை மடித்து வைத்தால் காற்று உள்ளே வராது. கம்பளிக் கையுறைக்கு மேலே கோப்பை கழுவும் ரப்பர் கையுறை. அவ்வளவுதான் விசயம்.

இன்னொன்று. புதுப் பனியில் வழுக்காது. காரும் ஆளும் மிதித்து இறுகின இடத்தில்தான் வழுக்கும். ஆட்கள் இதை மாறி நினைக்கிறார்கள். வெள்ளையைக் கண்டு பயந்து, கறுப்பில் கால் வைத்து விழுகிறார்கள்.

கிங்ஸ்பரிக்கு வந்த பிறகு பார்ன் ஹில்லைக் கண்டுபிடித்தேன். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மலை. மலை என்றால் பெரிதில்லை. மேலே மரங்கள், ஒரு குளம். அங்கே நின்றால் வெம்பிளி மைதானத்தின் இரண்டு வெள்ளைக் கோபுரமும் தெரியும். லீவு நாளில் போவேன். குளிர்காலத்தில்தான் அதிகம் போவேன். மற்றக் காலத்தில் சேறு. உறைந்தால் நிலம் சீமெந்து போல் இருக்கும், நடக்கச் சுகம். குளம் உறைந்து கிடக்கும். வாத்துகள் அதன் மேல் நடக்கும். ஒருவரும் என்னோடு பேச மாட்டார்கள். எனக்கு அது பிடிக்கும்.

"விசர் மனுசன், குளிருக்குள்ள என்னத்தைப் பார்க்கப் போறீங்கள்?" என்று மனைவி கேட்பாள்.

"ஒண்டுமில்லை" என்பேன். உண்மையும் அதுதான்.

இனி அன்றைய காலை.

ஐந்து மணிக்கு எழும்பினேன். முன் வாசலில் முழங்காலுக்குக் கீழே பனி. மண்வெட்டியை எடுத்துப் படியில் இருந்து கேற் வரை வழித்தேன். சீமெந்து தெரியும்வரை வழித்தேன். மாப்பிள்ளை இறங்கிப் போகும் வழி. துப்புரவாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு பின் வளவுக்குப் போய்ப் பனியைத் தோண்டிப் புல் எடுத்தேன். பால் அறுகு வைப்பதற்கு. மாப்பிள்ளையைப் பலகையில் இருத்தி, பாலில் தோய்த்த அறுகம் புல்லைப் பெரியவர்கள் தலையில் வைத்து, பிறகு முழுக வார்ப்பது எங்கள் வழக்கம். அறுகுக்கு எங்கே போவது? லண்டன் புல்லும் புல்தான்.

நான் பின்னால் நின்ற நேரத்தில் மனைவி முன்னால் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஏழு மணிக்கு ரெலிபோன். கலியாணக் கார் ஓட்ட வேண்டியவர்.

"அண்ணை, கார் ரோட்டுக்கே வராது. நாலு பேர் தள்ளிப் பார்த்தம். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"சரி" என்று வைத்தேன்.

சப்பாத்து பின் கதவடியில் கிடந்தது. அந்த வழியாலேயே ஸ்டேசனுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். கதவு பாதி இறக்கிக் கிடந்தது. உள்ளே நின்றவர் கையை விரித்தார். வழியில் ஒரு பஸ் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. உள்ளே ஆள் இல்லை. பின் வளவால் வீட்டுக்குள் வந்தேன். சப்பாத்துப் பனியை முன் வாசலில் கொட்ட வேண்டாம் என்று. முன்னால் வந்திருந்தால் அப்போதே கண்டிருப்பேன்.

ஜக்கெற்றைக் கழற்றாமலே பெண் வீட்டுக்கு ரெலிபோன் கோல் எடுத்தேன். அவர்கள் மண்டபத்துக்கு அடுத்த தெருவில் இருந்தவர்கள். தகப்பன்தான் எடுத்தார்.

"நாங்கள் வெளிக்கிடுறம். ஐயரும் வந்திட்டார், பூட்ஸ் போட்டுக்கொண்டு. நீங்கள் எதில வாறியள்?"

"நடந்து."

அவர் ரிசீவரைக் கை மாற்றுவது கேட்டது. பிறகு, "தம்பி, நான் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

பால் அறுகு முடிந்தது. வீடியோக்காரர் பெரிய லைற்றைப் போட்டுப் பிடித்தார். மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டினார். சால்வை போட்டார். தலைப்பாகை ஒரு பிஸ்கற் தகரப் பெட்டிக்குள். கூறைச் சேலையும் தட்டும் நனையக் கூடாது என்று வெறும் அரிசிச் சாக்கு ஒன்றுக்குள் சுற்றினோம். இருபது கிலோச் சாக்கு. தாலிக்கொடியை மனைவி ஒரு சின்னப் பைக்குள் வைத்துச் சட்டைக்குள் ஊசியால் குத்திக்கொண்டாள்.

"இனி இதை ஒருத்தரும் துலைக்க ஏலாது. நான் விழுந்தா என்னோட விழும்" என்றாள்.

ஒன்பது மணி. ஒரு மணித்தியாலத்தில் நடந்து விடலாம். பத்துக்கு அங்கே நிற்போம் என்று கணக்குப் போட்டேன்.

"வலது காலை வைச்சு இறங்குங்கோ, தம்பி" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை வலது காலை வைத்தார். கால் முன்னுக்குப் போனது. ஆள் பின்னுக்கு வந்தார். இரண்டு படியும் முதுகால் இறங்கிக் கேற் அடியில் போய் நின்றார்.

நான் குனிந்து படியைப் பார்த்தேன். ஐஸ். சாதாரண ஐஸ் இல்லை. மஞ்சள் நிற ஐஸ். படியில் இருந்து கேற் வரை, பூசி மெழுகினது போல.

மனைவியைப் பார்த்தேன். அவள் வாயில் கையை வைத்தபடி அழுதுகொண்டு நின்றாள்.

"மாப்பிளை வெளிக்கிடுற வாசல். மஞ்சள் தண்ணி தெளிக்காமல் அனுப்பலாமோ எண்டு..." என்றாள். "ஒரு வாளிதான்."

வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வாசல் கழுவுவாள். குளிர்காலத்தில் வேண்டாம் என்று பலதரம் சொல்லியிருந்தேன். அதன்படி விட்டிருந்தாள். அன்றைக்கு மனம் கேட்கவில்லை.

பிழை அவளுடையது மட்டும் இல்லை. நான் பனியை வழிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் பனிக்குள் ஊறிப் போயிருக்கும். நான் சீமெந்து தெரிய வழித்தேன். அவள் வார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கண்ணாடியைச் செய்தோம்.

மாப்பிள்ளைக்கு இடது கணுக்கால் பிரண்டுவிட்டது. தொட்டுப் பார்த்தேன். முறியவில்லை. ஆனால் பார்த்திருக்கவே வீங்கியது. அவர் எழும்பவில்லை. பனிக்குள் இருந்தபடியே சொன்னார்.

"அண்ணை, அவர் சொன்னது சரி. சாத்திரம் வேண்டாம் எண்டு சொல்லுது. நீங்கள் கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கோ."

"சாத்திரம் ஒண்டும் சொல்லேல்லை. வாசல்ல தண்ணி வார்த்தது. எழும்பும்."

"ஏலாது அண்ணை."

"எழும்பிப் பார்த்திட்டுச் சொல்லும்."

எழும்பினார். ஒரு காலில் நின்றார். பெற்றோல் செட் தம்பி அவருக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"மச்சான், பின்பக்கத்தை ஒருக்காப் பார். முழுக்க மஞ்சள். பொம்பிளை வீட்டில பூச வேண்டியதை அக்கா இஞ்சையே பூசி அனுப்புறா."

"வாயை மூடும்" என்றாள் மனைவி. ஆனால் அழுகை நின்றுவிட்டது.

உள்ளே கொண்டுபோய் இருத்தினோம். மனைவி பழைய சேலைக் கரையைக் கிழித்துக் காலை இறுக்கிச் சுற்றினாள். அதற்கு மேல் சொக்ஸ், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அதற்கு மேல் என்னுடைய வேலைப் பூட்ஸ். எனக்கே பெரிது, அதனால் வீங்கின கால் உள்ளே போனது. வேட்டியை மடித்துக் கட்டி அதற்கு மேல் என்னுடைய நீளக் காற்சட்டை. சால்வைக்கு மேல் எயார்போர்ட் ஜக்கெற், செம்மஞ்சள் நிறம், முதுகில் வெள்ளிப் பட்டி. நான் சாதாரணச் சப்பாத்துக்கு மேல் சொக்ஸ் போட்டுக்கொண்டேன். எல்லாருக்கும் போடச் சொன்னேன்.

வீடியோக்காரர் மறுத்தார். "சார், புது ஷூ சார். இதுக்கு மேல சாக்ஸா? பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

"சரி" என்றேன்.

கேற்றைத் தாண்டிப் பத்தடி போகவில்லை. விழுந்தார். கமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி விழுந்தார். அந்தத் தொழில் பக்தியை நான் மெச்சினேன். எழும்பி, ஒன்றும் பேசாமல் சொக்ஸ் வாங்கிப் போட்டார்.

இப்படிப் புறப்படும்போது ஒன்பது நாற்பது.

ரோட்டால் போக முடியாது என்று ஃபிரயண்ட் வே தொடங்கும் இடத்திலேயே தெரிந்தது. கார்கள் அங்கொன்று இங்கொன்றாக, மூக்கு மதிலில் முட்டியபடி நின்றன. சக்கரம் சுற்றிச் சுற்றி ரோட்டை மினுக்கி வைத்திருந்தது. நொண்டுகிற ஆளை அதில் கொண்டுபோனால் இன்னொரு காலும் போகும்.

"மலையால போவம்" என்றேன்.

"மலையோ? மனுசர் சமதரையில விழுகினம், நீங்கள் மலை ஏறச் சொல்லுறியள்" என்றார் பெற்றோல் செட் தம்பி.

"மலையில ஒருத்தரும் மிதிக்கேல்லை."

வேலிக்குள்ளால் வயலுக்குள் இறங்கினோம். நான் சொன்னபடிதான். பனி ஒவ்வொரு அடியையும் பிடித்துக்கொண்டது. நான் முன்னால் நடந்து மிதித்து வழி செய்தேன். மாப்பிள்ளை ஒரு கையைத் தம்பியின் தோளில் போட்டு, மற்றக் கையில் தடி ஊன்றி வந்தார். தடி என்றால் எங்கள் வீட்டு மொப் தடி. மனைவி சேலையை முழங்காலுக்கு மடித்து, உள்ளே என்னுடைய இன்னொரு காற்சட்டையோடு. கடைசியில் வீடியோக்காரர். லைற்றையும் அதன் நீள வயரையும் தோளில் மாலை போல் போட்டிருந்தார். வைத்துவிட்டு வரச் சொன்னேன், கேட்கவில்லை.

வானம் வெளுத்து நின்றது. காற்று இல்லை. மரக் கொப்புகளில் பனி அப்படியே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. லண்டனில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நேரம் போகிறது என்று தெரியும். ஆனாலும் எனக்கு அந்த நடை பிடித்திருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

"ஏன் அக்கா, இவர் லீவு நாளில காணாமல் போறது இஞ்சைதானோ?" தம்பி கேட்டார்.

"ஓம். நான் ஆரோ வெள்ளைக்காரியாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். மரம்தான்" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை மட்டும் பேசவில்லை. ஐம்பது அடிக்கு ஒருதரம் நின்றார். நிற்கும்போதெல்லாம் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய கடிகாரம் விழுந்ததில் நின்றுவிட்டது.

மேலே குளத்தடிக்கு வரும்போது பத்து நாற்பத்தைந்து. முகூர்த்தம் தொடங்கிவிட்டது.

குளம் உறைந்து அதன் மேலும் பனி மூடி, எது தரை எது தண்ணீர் என்று தெரியாமல் கிடந்தது. எனக்குத் தெரியும். கரையைச் சுற்றிக் கூட்டிப் போனேன். மறுபக்கத்தில் வெம்பிளிக் கோபுரம் இரண்டும் தெரிந்தன. அதற்கு இந்தப் பக்கம் மண்டபம். கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். ஆனால் இறக்கம்.

ஏறுவது பிரண்ட காலுக்குப் பெரிய காரியம் இல்லை. இறங்குவதுதான் உயிர் போகும். மாப்பிள்ளை நான்கு அடி இறங்கினார். முகம் கறுத்துவிட்டது. குந்தி இருந்துவிட்டார்.

"அண்ணை, நீங்கள் கூறையையும் கொடியையும் கொண்டு ஓடுங்கோ. நான் பின்னால வாறன்."

"கூறைக்கோ தாலி கட்டுறது?" என்றேன்.

அந்தச் சரிவில் சனம் விளையாடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர், குஜராத்திக்காரர், பெரியவர்களும் பிள்ளைகளும். பலகையில், தேநீர்த் தட்டில், பிளாஸ்ரிக் பையில் இருந்து சறுக்கிக்கொண்டு போனார்கள். நான் அதைப் பார்த்தேன். பிறகு மனைவியின் கையில் இருந்த அரிசிச் சாக்கைப் பார்த்தேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. "இஞ்சாருங்கோ, கூறை கிடந்த சாக்கு."

"அதுதான் நல்லது. கூறைக்குப் பிறகு மாப்பிளைதானே."

கூறைத் தட்டை வெளியே எடுத்துத் தன் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டாள். சாக்கைப் பனியில் விரித்தேன். மாப்பிள்ளையை அதில் இருத்தினோம். பிஸ்கற் பெட்டியை மடியில் கொடுத்தோம். வெறுமே விட்டால் எங்கே போய் முட்டுவாரோ தெரியாது. பிடிக்க ஒரு கயிறு வேண்டும்.

வீடியோக்காரரைப் பார்த்தேன். அவர் ஓரடி பின்னால் போனார்.

"சார், இது லைட் ஒயர் சார். இருபது மீட்டர். அறுந்துடும் சார்."

"அறாது. தாரும்."

சாக்கின் வாய்ப் பக்கத்தை மாப்பிள்ளையின் இடுப்போடு சேர்த்து வயரால் கட்டினேன். தம்பி முன்னால் வழி காட்டி ஓட வேண்டும். நான் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வீடியோக்காரர் கமராவைத் தோளில் ஏற்றினார். பொத்தானை அமத்திப் பார்த்தார். திரும்பவும் அமத்தினார்.

"பேட்டரி செத்துப்போச்சு சார். குளிர்ல."

அதனால் இதற்குப் படம் இல்லை. அந்த வீடியோவில் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் தலையை ஆட்டுவேன்.

முதல் பத்து மீட்டர் ஒழுங்காக இறங்கினார். அதற்குப் பிறகு என் ரப்பர் கையுறையில் வயர் வழுக்கியது. இறுக்கிப் பிடித்தேன். கையுறை கழன்று வயரோடு போனது. மாப்பிள்ளையும் போனார்.

"அண்ணை! அண்ணை!"

தம்பி திரும்பிப் பார்த்தார். செம்மஞ்சள் ஜக்கெற் தன்னை நோக்கி வருவதைக் கண்டு பக்கத்தில் பாய்ந்தார். மாப்பிள்ளை அவரைத் தாண்டி, தேநீர்த் தட்டுக்காரரைத் தாண்டி, ஒரு நாயைத் தாண்டிப் போனார். வயர் பின்னால் பாம்பு போல் இழுபட்டது. சரிவு முடிந்து நிலம் சமனாகும் இடத்தில் ஒரு பனிக் குவியலுக்குள் இடுப்பு வரை போய் நின்றார்.

ஒரு சத்தமும் இல்லை. அன்று நான் பயந்தது அந்த ஒரு தரம்தான்.

பிறகு கீழே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மாப்பிள்ளை. பிஸ்கற் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். சுற்றி நின்ற வெள்ளைக்காரர் கை தட்டினார்கள்.

"மச்சான், இன்னொருக்கா ஏறி வாறியோ?" தம்பி பனியைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

"நேரம் இல்லை! இல்லாட்டி வருவன்!"

அந்த ஆறு வருடத்தில் அவர் அவ்வளவு பலமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் இறங்கத் தொடங்கினேன். பின்னால் ஒரு சரசரப்பு. திரும்பினால் என் மனைவி. ஆரோ கொடுத்த பிளாஸ்ரிக் தட்டில், கூறையை நெஞ்சோடு அணைத்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். "முருகா" என்றது மட்டும் கேட்டது. கீழே போய் எழும்பி நின்று சேலையைத் தட்டி, சட்டைக்குள் கை வைத்து, தாலிக்கொடி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"விசர் மனுசன், வாருங்கோ கெதியா" என்றாள்.

பதினொன்று ஐந்து.

பார்ன் ரைஸ் என்ற தெருவால் இறங்கினோம். அங்கே வீட்டுக்காரர்கள் நடைபாதையைப் பாதி பாதியாக வழித்து வைத்திருந்தார்கள். வழித்த இடம் வழுக்கும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். பனி கிடந்த பக்கமாகவே போனோம். மாப்பிள்ளையைச் சாக்கோடு இழுத்தோம். நானும் தம்பியும் வயரைத் தோளில் போட்டு இழுக்க, அவர் பெட்டியை மடியில் வைத்து நிமிர்ந்து இருந்தார். ஒரு கிழவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் தொப்பியைத் தூக்கினார். மாப்பிள்ளை கும்பிட்டார்.

மண்டப வாசலில் பெண்ணின் தகப்பன் குடை பிடித்தபடி நின்றார். பனி விழவில்லை, ஆனாலும் பிடித்திருந்தார். கையில் கடிகாரம். கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் குடையைக் கீழே விட்டார்.

"என்ன தம்பி இது?"

"மாப்பிளை" என்றேன்.

பதினொன்று பதினைந்து.

வாசலில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவ வேண்டும். வழக்கம். செம்பில் தண்ணீரோடு அவர் குந்தினார். பூட்ஸைக் கழற்றினார். சொக்ஸ். கழற்றினார். இன்னொரு சொக்ஸ்.

"அத்தான், இன்னும் எத்தினை?"

"நாலாக்கும்."

"முகூர்த்தம் சொக்ஸிலயே போயிடும்."

ஐயர் உள்ளேயிருந்து, "ஒரு காலைக் கழுவினாப் போதும், வரச் சொல்லுங்கோ" என்று சத்தம் போட்டார். தேநீர் வைத்த பாத்திரத்தில் இருந்து சுடுதண்ணீர் கலந்து வார்த்தார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு சுகம்.

ஜக்கெற்றும் காற்சட்டையும் கழன்றன. தலைப்பாகை ஏறியது. பெண்ணின் தாய் கண்ணூறு கழிக்கும் ஆலாத்தித் தட்டோடு சுற்றி வந்தவர் பின்னால் நின்றுவிட்டார்.

"இதென்ன வேட்டியில மஞ்சள்?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பெற்றோல் செட் தம்பி வாயைத் திறந்தார். அதற்கு முன் அவளே சொன்னாள்.

"நான்தான் மாமி. வாசலுக்குத் தெளிச்ச மஞ்சள் தண்ணி. ஐஸாப் போய் மாப்பிளை வழுக்கி விழுந்திட்டார். என்ர பிழை."

பெண்ணின் தாய் தட்டைப் பக்கத்தில் வைத்தார். பிறகு குனிந்து வேட்டியைக் கிட்டப் பார்த்தார்.

"நானும் விடிய வாசல்ல தெளிச்சனான்" என்றார். "இந்த மனுசன்தான் முதல் விழுந்தது."

பெண்ணின் தகப்பன் இடுப்பைத் தடவினார். அதற்குப் பிறகு சாத்திரத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்கவில்லை.

பெண் கூறை உடுத்தி வந்து மணவறையில் இருந்தாள். நான் தகப்பன் நிற்கும் இடத்தில் நின்றதால் அவள் பேசியது கேட்டது.

"கால் நோகுதோ?"

"இல்லை."

"பொய்."

"ஓம். நோகுது."

தாலி ஏறும்போது பதினொன்று இருபத்தெட்டு. மேளம் கசற்றில்தான் அடித்தது. கமராவைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடியோக்காரர் அதை மட்டும் பிடித்துவிட்டார். வயரை நான் திருப்பிக் கொடுத்திருந்தேன். அறவில்லை.

முந்நூற்றைம்பது பேருக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் நாளே மண்டபத்துக் குசினியில் அவ்வளவுக்கும் சமைத்திருந்தார்கள். சமைத்தவர்கள் வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே படுத்திருந்தார்கள். மேசைகள் வெறுமையாக நீளத்துக்குக் கிடந்தன. வந்திருந்த நாங்கள் முன் இரண்டு மேசையில் நெருக்கிக்கொண்டு இருந்து சாப்பிட்டோம். குளிரில் நடந்தால் பசிக்கும். வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பேரின் பங்கைச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை காலை ஒரு கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பெண் பரிமாறினாள்.

இப்போது அவர்களுக்கு வளர்ந்த பிள்ளைகள். பனி விழுந்தால் மாப்பிள்ளை எனக்குக் கோல் எடுப்பார். "அண்ணை, மலைக்குப் போவமோ?" என்பார். போவோம். சாக்கு என்னிடம் இருக்கிறது. என் மனைவி குளிர்காலத்தில் வாசலுக்குத் தண்ணீர் வார்ப்பதில்லை. மஞ்சள் தூளை மட்டும் கிள்ளித் தூவுகிறாள். அது வழுக்காது.

விழாக்களில் ஆட்கள் வந்து, "அண்ணை, அந்தப் பனிக் கலியாணத்துக்கு நானும் நடந்து வந்தனான், ஞாபகம் இருக்கோ?" என்று கேட்பார்கள். தலையை ஆட்டுவேன். ஆசையில் சொல்கிறார்கள்.

ஆனால் அன்று சாப்பிட்டு முடிந்ததும் என் சப்பாத்தைத் தேடி வாசலுக்குப் போனேன். சூடாக்கிக்கு முன்னால் எல்லாருடையதையும் வரிசையாகக் காய வைத்திருந்தார்கள். நனைந்த தோல் மணம். ஐயரின் பூட்ஸ், சமைத்தவர்களுடையது, பெண் வீட்டாருடையது, எங்கள் ஐந்து பேருடையது, எல்லாம் அதற்குள் இருந்தன. நான் நின்று சோடி சோடியாக எண்ணினேன்.

இருபத்தொன்பது.